பதினைந்தாம் ஆடி

ஆடி மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது, கல்யாணமான முதல் வருடத்துக்கென்று ஏற்பட்ட வழக்கம். சாந்தம்மாவுக்கு அந்த முதல் வருடம் பதினான்கு வருடம் நீடித்தது.

உத்தனப்பள்ளிக்குக் கிழக்கே மூன்று மைல் தள்ளி, பாறைகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடந்த ஒரு சிற்றூரில் அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கணவன் கரியப்பனுக்கு மூன்று ஏக்கர் செம்மண் புஞ்சை, ஒரு ஜோடி எருது, இரண்டு பசு, நாலைந்து ஆடு. மூத்தவள் காவேரி, அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள். மார்கழியில் வீடு வந்து சேரும் ராகி தையில் பெருமையாகவும், மாசியில் தாராளமாகவும், சித்திரையில் சிக்கனமாகவும் செலவாகும். ஆடி பிறக்கும்போது படி பானையின் அடியைத் தட்டும். அடுத்த அறுப்பு கார்த்திகையில்தான். நடுவில் கிடந்த நான்கு மாதத்தைத் தாண்ட அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே வழி மத்தூர்.

மத்தூரில் சாந்தம்மாவின் அண்ணன் நாராயணப்பனுக்கு ஏரித்தண்ணீர் பாயும் நிலம் இருந்தது. ஆடி பிறந்ததும் அவர் வந்து நிற்பார்.

"தங்கச்சிய ஆடிக்கு அழைச்சிட்டுப் போலாம்னு வந்தேன், மாப்பிள்ள."

"என்னா மச்சான், இப்பத்தான போயிட்டு வந்தா? வேல கெடக்குது," என்பான் கரியப்பன்.

"வழக்கத்த வுடக்கூடாது பாருங்க."

"வழக்கம்னா சரி."

இரண்டு பேரும் இதை வருடந்தோறும் முகம் மாறாமல் பேசி முடிப்பார்கள். பிறகு சாந்தம்மாவும் பிள்ளைகளும் ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி என்று பஸ் மாறி மத்தூர் போய்ச் சேருவார்கள். கரியப்பன் மாட்டையும் புஞ்சைக் காட்டையும் பார்த்துக்கொண்டு, கூழிலும் கீரையிலும் காலம் தள்ளுவான். பட்டினி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆடி என்று சொன்னால் போதும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சின்னக் குறை இருந்தது. ராகிக்குக் களை எடுக்க வேண்டிய மாதங்களில், களை எடுக்க வேண்டியவள் மத்தூரில் அண்ணன் நெல்லுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இங்கே களை ராகியைத் தின்றது. ராகி குறைந்தது. குறைந்ததால் அடுத்த ஆடிக்கும் மத்தூர். வெளியூர்க்காரர் யாராவது இதைக் கேட்டால் சிரிப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு இது மழை, வெயில் மாதிரி. யாரும் உட்கார்ந்து யோசிக்கிற விஷயமாக இல்லை.

மத்தூரில் சோற்றுக்குக் குறைவில்லை, பேச்சுக்கும் குறைவில்லை. அண்ணி ஜோதியம்மாள் கெட்டவள் அல்ல. நாலு பேருக்கு நாலு மாதம் சோறு போடுகிறவளுக்கு நாலு வார்த்தை பேச உரிமை உண்டு என்று நம்புகிறவள், அவ்வளவுதான்.

"வா வா, புதுப்பொண்ணு! எங்க வூட்டு மாப்பிள்ள தீபாவளி சீருக்கு வருவாராமா? மோதரத்துக்கு அளவு குடுத்தனுப்பிச்சாரா?"

சாந்தம்மா சிரித்துவிடுவாள். சிரித்தால் பேச்சு சீக்கிரம் முடியும் என்பது அவள் அனுபவம். ஆனால் பதினான்காம் ஆடியில் ஒரு நாள், ஜோதியம்மாள் காவேரியின் தட்டருகே கரண்டியோடு நின்று, "இன்னும் போடவா? உங்க வூட்டுல இதயெல்லாம் கண்ணுலயே பாத்திருக்க மாட்டீங்க," என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண் தட்டைக் கையால் மூடிக்கொண்டு, "போதும் அத்த," என்றது. போதாது என்று பெற்றவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு காவேரி பாதி வயிற்றிலேயே போதும் என்று சொல்லப் பழகிவிட்டாள். கார்த்திகையில் ஊர் திரும்புகிற பஸ்ஸில் சாந்தம்மா தீர்மானித்தாள்: அடுத்த ஆடிக்கு மத்தூர் கிடையாது. என்ன சாப்பிடுவது என்பதை மட்டும் அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

கரியப்பனை ஒன்றும் இல்லாதவன் என்று சொல்லிவிட முடியாது. அவனிடம் ஒரு சொத்து இருந்தது. அது குப்பைமேடு. அந்தப் பக்கத்தில் குப்பை என்றால் வேண்டாததல்ல. சாணமும் சாம்பலும் கொட்டகைக் கூளமும் சேர்ந்து மக்கிய எரு. தெலுங்கர் திப்ப என்பார்கள், கன்னடக்காரர் திப்பே என்பார்கள். பெயர் மாறினாலும் மரியாதை மாறாது. பெண் கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன் குப்பைமேட்டைத்தான் பார்ப்பார்கள். மேடு உயரமென்றால் மாடு அதிகம். மாடு அதிகமென்றால் கைக்கும் வாய்க்கும் பஞ்சமில்லை. பையனைப் பற்றி விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

கரியப்பனின் மேடு அவன் அப்பா தொடங்கிவைத்தது. பாதையோரமாக, வீட்டுக் கூரைக்குச் சமமாக நின்றது. பாதையைப் பார்த்த பக்கத்தை அவன் தினமும் மண்வெட்டியால் தட்டிச் சுவர்போல வைத்திருப்பான். வண்டியில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நிறுத்தி, "யாருதுப்பா இது?" என்று கேட்டால் அவனுக்கு அன்றைக்குக் கூழே வேண்டாம்.

இங்கேதான் சங்கடம். எருவைக் காட்டில் கொட்டினால் மேடு குறையும். மேடு குறைந்தால் மரியாதை குறையும். ஆகவே பூசாரி திருநீறு கொடுப்பதுபோல, வருடத்துக்கு மூன்று வண்டியை மூன்று ஏக்கருக்கும் தூவினான். நிலம் மெலிந்தது, மேடு கொழுத்தது. ஊரிலேயே உயரமான எருமேட்டின் நிழலில் ஒரு குடும்பம் சோற்றுக்கு ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டிருந்தது. கரியப்பனை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. அந்த ஊரில் பாதி வீட்டுக் கதை இதுதான். இவன் மேடு கொஞ்சம் உயரம், அதனால் பட்டினியும் கொஞ்சம் உயரம்.

ஐம்பத்தைந்தாம் வருடக் கடைசியில் அந்த வட்டாரத்துக்கு, விவசாயம் சொல்லித்தர சர்க்கார் அனுப்பும் கிராம சேவக்காக, ஷௌகத் அலி வந்தார். கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருந்தவரின் மகன். வயது இருபத்துமூன்று. பயிற்சிக்குப் போகும்வரை ஏர் பிடித்ததில்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை. ஒரு சைக்கிள், ஒரு பை, பை நிறையப் படம் போட்ட புத்தகங்கள். புளியமரத்தடியில் ஆட்களைக் கூட்டி வரப்பு, எருக்குழி, நாற்று நடவு என்று எல்லாம் சொன்னார். ஆட்கள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்வது அந்த ஊரில் மாட்டேன் என்பதைச் சொல்லும் மரியாதையான முறை என்று அவருக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

கரியப்பனிடம் நேராகவே கேட்டார். "அண்ணா, இவ்வளவு எருவ வெச்சிக்கிட்டு காட்டுக்குப் போடாம இருக்கறீங்களே?"

"சாயபு, உங்க வூட்டுப் பொட்டியில நக இருந்தா எடுத்து ரோட்டுல எறைப்பீங்களா?"

"நக மொளைக்காதுங்களே அண்ணா."

"எம்மேடும் மொளைக்காது. பாருங்க, ஒரு புல்லு இருக்குதா?"

முன்பக்கம் இல்லைதான். அவர் சைக்கிளை எடுக்கும்போது சாந்தம்மா வேலிப்பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, கொஞ்சம் பின்னால வந்து பாருங்க."

மேட்டின் பின்புறம், மழைத்தண்ணீர் வழிந்தோடிய பள்ளத்தில், யாரும் விதைக்காத ராகி நாலைந்து தூர் தானாக முளைத்து நின்றது. கதிர் ஒவ்வொன்றும் குழந்தையின் மூடிய கைபோல இருந்தது.

"காட்டுல வெதைச்சது முழங்கா ஒசரம் வரல. இது எறைஞ்சி வுழுந்தது. எப்பிடி வந்திருக்குது பாருங்க."

"சாப்பாடு கெடைச்சிருக்குதுக்கா இதுக்கு."

"அது தெரியுது. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. உங்க புஸ்தகத்துல எல்லாம் கார்த்திகையில கெடைக்கறதயே போட்டிருக்குது. ஆடியில சாப்பிடற மாதிரி எதுனா இருக்குதா?"

ஷௌகத் அலி பையைத் திறந்து மூன்று புத்தகத்தைப் புரட்டினார். ஆடி எதிலும் இல்லை. அவர் மாதங்களை ஆங்கிலத்தில் படித்தவர். ஜூலை என்று நினைத்துப் பார்த்தபோது வழி தெரிந்தது.

"காராமணி போடலாம்க்கா. சித்திர மழைக்கு வெதைச்சா அறுவது, எழுவது நாள்ல காயி. ஆனியிலயே கீரை கிள்ளலாம். காய் முடிஞ்சதும் கொடிய அப்படியே மடக்கி உழுதுட்டு, அதே எடத்துல ராகி நாத்து நட்டுடலாம். அர ஏக்கர் போதும். ஆனா நல்லா எரு போடணும்."

"எருவா?" சாந்தம்மா மேட்டைப் பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்தாள். "அது இருக்குது."

தை கழிந்து புளி உலுக்கும் காலம் தொடங்கியதும் கரியப்பன் வாடகைக்கு வண்டி கட்டிப் போனான். கிருஷ்ணகிரி மண்டிக்குப் புளி ஏற்றிப்போனால் திரும்பி வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் சாந்தம்மாவுக்கு. மேட்டின் பின்புறத்தில் மண்வெட்டியைப் போட்டாள். பல வருடம் மக்கிய எரு, கருப்பட்டிபோல உடைந்தது. கூடை கூடையாக வேலியைத் தாண்டி, வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டுக்காட்டுக்குக் கொண்டுபோனாள். முதல் வாரம் தனியாகத் தூக்கினாள். இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு வெள்ளையம்மா வந்து நின்றாள்.

"ஏம்மே, சொந்த வூட்டுலயே திருடறியே. வெளங்குமா?"

"புருசனுக்குத் தெரியாம மூணு புள்ள பெத்தேன்னாதான் தப்பு. எரு அள்ளுனா தப்பா?"

"எடு இன்னொரு கூடைய," என்றாள் வெள்ளையம்மா.

அரை ஏக்கருக்கென்று தொடங்கியதுதான். ஆனால் அள்ளுவதில் ஒரு ருசி இருக்கிறது. அரை ஏக்கர் முடிந்ததும் பக்கத்து அரை ஏக்கர் பரிதாபமாகத் தெரிந்தது. மாசி போய்ப் பங்குனி முடிவதற்குள் மேடு, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு முகமாக நின்றது. பாதையிலிருந்து பார்த்தால் அதே உயரம், அதே கம்பீரம். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு முழம் கனத்தில் ஒரு சுவர். கரியப்பன் பின்னால் போவதில்லை. சாணம் கொட்டுவது பெண்கள் வேலை. தட்டிச் சீராக்குவது அவன் வேலை. ஊரிலிருந்த எல்லாரும் பின்புறத்தைப் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. அடுத்தவன் குடும்ப விஷயத்தில் தலையிடாத நாகரிகம் என்று இதைச் சொல்லலாம். எப்போது விழும் என்று பார்க்கிற ஆசை என்றும் சொல்லலாம்.

சித்திரை நடுவில் முதல் மழை பெய்தது. சாந்தம்மா, "கொழம்புக்குக் கொஞ்சம் காராமணி போட்டுக்கறேன், ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்க," என்றாள். கரியப்பன் ஏர் பூட்டினான். இரண்டு சால் ஓட்டியதும் குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தான்.

"மண்ணு எப்பிடி இருக்குது பாத்தியா? வெண்ணெய் மாதிரி. எங்கப்பன் புண்ணியம்."

"ஆமா, அவுரு போட்டு வெச்சதுதான்," என்றாள் சாந்தம்மா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் ஆலங்கட்டியோடு பெருமழை. விடிந்து கரியப்பன் வெளியே வந்தபோது அவன் அப்பா கட்டிய மேடு பாதையில் குப்புற விழுந்து கிடந்தது. அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய மீதி மேடு இல்லை. வேலி தெரிந்தது. வேலிக்கு அப்பால் காடு தெரிந்தது. பிறந்ததிலிருந்து அவன் அந்த இடத்திலிருந்து காட்டைப் பார்த்ததே இல்லை.

"சாந்தம்மா!"

"என்னாங்க?"

"மேடு எங்க?"

"காட்டுல இருக்குது."

"யாரு கொண்டுபோனது?"

"கூடை."

அவன் அங்கேயே குந்தினான். "ஊருல யாருக்காச்சும் தெரியுமா?"

"உங்களத் தவிர எல்லாத்துக்கும் தெரியும்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளையம்மாவின் குரல் வந்தது. "பாதி கூடை நாந்தான் தூக்குனேன்ணா. இடுப்பு இன்னும் நேரா நிக்கல. கொஞ்சம் எண்ணெ இருந்தா குடுக்கச் சொல்லு."

கரியப்பன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கை ஓங்குகிற ஆள் இல்லை அவன். கோபம் வந்தால் மாட்டோடு மட்டும் பேசுவான். மாடுகள் அந்த இரண்டு நாளும் நிறையக் கேட்டுக்கொண்டன. மூன்றாம் நாள் காலையில் மேட்டுக்காட்டுக்குப் போனான். காராமணி இரண்டிலை விட்டிருந்தது. பக்கத்தில் எரு போடாத மண்ணில் களைகூட மஞ்சளாக இருந்தது. இங்கே இலை கறுத்துப் பளபளத்தது. வெகுநேரம் நின்றுவிட்டு வந்தான். வந்து சொன்னது இதுதான்:

"பண்டிகைக்குப் பத்து நாள் இருக்குது. அதுக்குள்ள மேடு நிக்கணும்."

வைகாசியில் மாரியம்மன் பண்டிகை. சுற்றுவட்டாரத்து உறவெல்லாம் வரும். வருகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"எரு?" என்றாள் சாந்தம்மா. "காட்டுல இருக்கறத திருப்பி அள்ளியாரணுமா?"

"அத யாரு கேட்டது? உள்ள என்னா இருக்குதுன்னு எவன் பாக்கப் போறான்? இவ்வளவு நாளு உள்ள ஒண்ணுமே இல்லாமத்தான நின்னுச்சி?"

கணவனும் மனைவியும் கல்யாணமானதிலிருந்து சேர்ந்து செய்த முதல் பெரிய காரியம் அந்த மோசடிதான். ஆமணக்குத் தட்டை, எள்ளுத் தட்டை, அவரைச் சருகு, ஆவாரை, புங்கந்தழை என்று மாடு தொடாத எல்லாவற்றையும் பிள்ளைகள் இழுத்து வந்தார்கள். ஒரு சாண் உயரத்துக்கு அதைப் பரப்பினால் காற்றில் பறந்தது. அதனால் அதன்மேல் சாணத்தைக் கரைத்து ஊற்றினார்கள். சாணம் வழுக்கியது. அதனால் ஒரு கூடை மண்ணும் சாம்பலும் தூவினார்கள். அதன்மேல் மறுபடி தழை. காய்ந்து பிளக்காமலிருக்க ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர். கடைசியாக, விழுந்து கிடந்த பழைய எருவால் முன்பக்கத்தைப் பூசி, கரியப்பன் தன் கையால் தட்டிச் சுவராக்கினான். பண்டிகைக்கு முந்தின நாள் மேடு போன வருடத்தைவிட ஒரு முழம் உயரமாக நின்றது.

உறவுகள் வந்தார்கள், பார்த்தார்கள், மெச்சினார்கள். கரியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தார்கள்.

பண்டிகை முடிந்த நாலாம் நாள் விடியலில் மேட்டிலிருந்து ஆவி கிளம்பியது. கரியப்பன் பயந்துபோனான். கையை வைத்தால் உள்ளே களிப்பானைபோலச் சுட்டது. பொய் சொன்னால் சுடும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். இவ்வளவு சீக்கிரம் என்று அவன் நினைக்கவில்லை. போதாததற்கு மேடு தினமும் உட்கார்ந்துகொண்டே போயிற்று. உயரம் குறையக் குறைய அவன் மேலே தழையும் சாணமும் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். இந்த நிலையில்தான் ஷௌகத் அலி சைக்கிளில் வந்து இறங்கினார்.

அவர் மேட்டைச் சுற்றி வந்தார். ஒரு குச்சியைச் செருகி, எடுத்து, தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் படத்தையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தழை ஒரு அடுக்கு, சாணக்கரைசல் ஒரு அடுக்கு, மண் ஒரு அடுக்கு, நடுவில் ஈரம். படத்தில் குழி, இங்கே மேடு. மற்றபடி வித்தியாசம் ஒன்றும் இல்லை.

"அண்ணா," என்றார், குரல் இறங்கி, "அஞ்சு மாசமா நானு ஊரூரா கத்திட்டு இருக்கேன். ஒருத்தர் செய்யல. உங்களுக்கு இத யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

கரியப்பன் இக்கட்டில் மாட்டிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் வந்திருக்கிற மரியாதை நியாயமில்லாதது.

"எங்கப்பன் காலத்துல இருந்தே இப்படித்தான் போடறது, சாயபு."

கதவுக்குப் பின்னால் சாந்தம்மாவுக்குப் புரையேறியது.

"இது மூணு மாசத்துல முழு எருவாயிடும்ணா. பழைய மேட்ட வுட சத்து. ஆனா அதுக்கு மேல வெச்சிருக்கக் கூடாது. காட்டுல கொட்டிட்டுப் புதுசு போடணும். நானு ஆபீஸ்ல சொல்லி, எல்லாரையும் கூட்டிட்டு வந்து காட்டறேன்."

"எல்லாரும்னா?"

"பக்கத்து ஊருக்காரங்க எல்லாரும். அடுத்தது நீங்க போடறதயும் வந்து பாப்பாங்க."

கரியப்பனின் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. மேட்டைக் காலி செய்வதே இனிமேல் மரியாதை என்றால், காலி செய்ய அவனுக்கு என்ன தடை? அடுத்த மாதம் இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்து பார்த்தார்கள். கரியப்பன் மண்வெட்டியோடு நின்று, தான் கேள்விப்பட்டே இராத தன் அப்பாவின் முறையை விளக்கினான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த அப்பா கொஞ்சம் கெட்டிக்காரராகிக்கொண்டே வந்தார். ஊர்க்காரர்கள் பொறுப்பார்களா? பழைய மேடு வைத்திருந்தவர்கள் அதைக் காட்டில் கொட்டிவிட்டுப் புது மேடு போட்டார்கள். மேடே இல்லாதவர்கள் தழையைக் கொண்டு முதல் தடவையாக மேட்டுக்காரர்கள் ஆனார்கள். படம் போட்ட புத்தகம் செய்யாததைப் பொறாமை இரண்டு வாரத்தில் செய்தது. ஷௌகத் அலி தன் அறிக்கையில் விழிப்புணர்ச்சி என்று எழுதினார்.

இதற்கிடையே ஆனி வந்தது. சாந்தம்மா காராமணிக் கீரை கிள்ளினாள். ஆடி பிறந்தபோது ராகிப் பானையில் படி வழக்கம்போல அடியைத் தட்டியது. ஆனால் காட்டில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. காலையில் சின்ன உருண்டைக் களி, சாயங்காலம் அவித்த காராமணி, நடுவில் பச்சைக்காய்க் குழம்பு. வயிறு புடைத்தது என்று சொல்ல முடியாது. காலியாக இல்லை என்று சொல்லலாம். சின்னப் பையன் மட்டும், "தினமும் காராமணியா?" என்று தட்டைத் தள்ளினான். சாந்தம்மாவுக்கு அது காதில் தேனாக விழுந்தது. சாப்பாட்டில் குறை கண்டுபிடிக்கிற அளவுக்கு அந்த வீட்டில் யாரும் அதுவரை உயர்ந்ததில்லை.

ஆடி மூன்றாம் தேதி நாராயணப்பன் வந்தார்.

"தங்கச்சிய ஆடிக்கு..."

"இந்த வருசம் வரலண்ணா," என்றாள் சாந்தம்மா. "காய் பறிக்கணும். நாத்து வுட்டிருக்கேன், நடணும்."

நாராயணப்பன் சாப்பிட்டார். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். மனநிறைவோடுதான் பஸ் ஏறினார். ஆனால் ஒரு வாரத்தில் வாடின முகத்தோடு திரும்பி வந்து நின்றார்.

"என்னாண்ணா?"

"ஊருல பேசறாங்க, சாந்தா. பதினாலு வருசமா வந்தவ இந்த வருசம் வரலன்னா, அண்ணங்காரன் தொரத்திட்டான்னு. உங்கண்ணிதான் எதோ சொல்லிட்டான்னு கெணத்தடியில நேராவே கேக்கறாங்களாம். அவ ரெண்டு நாளா அடுப்பு மூட்டல."

"அவங்க எதுவும் சொல்லலன்னு சொல்றதுதான?"

நாராயணப்பன் கூரையைப் பார்த்தார். "அத எப்பிடிச் சொல்றது?"

ஆக, போகாமலிருக்க ஒரு வருடம் பாடுபட்டவள், போகாததால் வந்த வினையைத் தீர்க்கப் போக வேண்டியதாயிற்று. ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்பு, நாற்று நடவை வெள்ளையம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, காவேரியை மட்டும் கூட்டிக்கொண்டு, ஒரு பை காராமணியோடு மத்தூர் போனாள். கிணற்றடி வழியாகவே போனாள். யார் பார்க்க வேண்டுமோ அவர்கள் பார்க்கட்டும் என்று மெதுவாகப் போனாள்.

ஜோதியம்மாள் வாசலில் நின்றிருந்தாள்.

"வந்துட்டியா? உள்ள வா. எத்தன மாசம் இருப்ப?"

"நாளன்னிக்கிக் கெளம்பறேன் அண்ணி."

"நாளன்னிக்கா? அது என்னா வந்ததும் வராததுமா? ஊரு என்னா பேசும்? ஒரு வாரமாச்சும் இருந்துட்டுப் போ."

"முடியாது அண்ணி, காட்டுல வேல கெடக்குது."

சாப்பாட்டில் காவேரி மூன்று தடவை சோறு வாங்கினாள். பிறகு, நாலாம் தடவைக்கு ஜோதியம்மாள் கரண்டியை நீட்டியபோது, நிமிர்ந்து பார்த்து, "குழம்புல உப்பு கம்மி அத்த," என்றாள். ஜோதியம்மாள் நாத்தனாரைப் பார்த்தாள். சாந்தம்மா கண்டிக்கவில்லை.

கிளம்புகிற அன்று ஜோதியம்மாள் அந்தப் பையிலிருந்த காராமணியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே வந்தாள்.

"பருப்பு நல்லா பெருசா இருக்குது. வெதைக்கு ஆவுமா இது?"

"ஆவும். ஆனா இது வேண்டா, பச்சையா கெடக்குது. நல்லா முத்துனது வூட்டுல வெச்சிருக்கேன். நீங்க ஆவணியில வாங்க அண்ணி. வந்து எங்க வூட்டுல சாப்பிட்டு, வெதைய வாங்கிட்டுப் போங்க."

பதினான்கு வருடத்தில் அவள் யாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் திகைத்தாள்.

ஜோதியம்மாள் ஆவணியில் வந்தாள். இரண்டு நாள் என்று வந்தவள் ஆறு நாள் இருந்தாள். விதையை முதல் நாளே வாங்கி முடிந்துகொண்டாள். பிறகு களி கெட்டி, காராமணி வேகவில்லை, மாப்பிள்ளை பேச்சு ஜாஸ்தி என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே வேளை தவறாமல் சாப்பிட்டாள். நாலாம் நாள் கரியப்பன் தாங்காமல், "எப்ப கெளம்பறாங்க?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தான்.

"மெதுவாப் போவட்டும்," என்றாள் சாந்தம்மா, இன்னொரு உருண்டைக் களியைக் கிண்டிக்கொண்டே. "சொல்றதெல்லாம் சொல்லிட்டுப் போவட்டும்."